பிரித்தானிய ஸ்பீட்வேயில் பார்வையாளர் அதிருப்தி

பிரித்தானிய ஸ்பீட்வேயில் பார்வையாளர் அதிருப்தி என்பது, ஐக்கிய இராச்சியத்தில் நடைபெறும் ஸ்பீட்வே எனப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் தரம், கட்டணம், நிருவாகம் ஆகியவை குறித்து அதன் நெடுநாள் பார்வையாளர்கள் எழுப்பிவரும் குறைகளைக் குறிக்கும். ஒரு காலத்தில் கால்பந்துக்கு அடுத்த நிலையில் பெருங்கூட்டத்தை ஈர்த்த விளையாட்டுகளில் ஒன்றாக இருந்த ஸ்பீட்வே, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தடங்களையும் பார்வையாளர்களையும் தொடர்ந்து இழந்து வந்துள்ளது. பார்வையாளர்கள் கூறும் மூவகைக் குறைகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. பெரும்பாலான கழகங்களுக்குத் தாம் பந்தயம் நடத்தும் அரங்கு சொந்தமானதன்று. விதிகளை வகுப்பவர்கள் கழக உரிமையாளர்களே. நுழைவுக் கட்டணத்தின் மூலம் விளையாட்டைத் தாங்கும் பார்வையாளருக்கு இவ்விரண்டிலும் பங்கில்லை.

விளையாட்டின் அமைப்பு

ஸ்பீட்வே பந்தயம் நீள்வட்டத் தடத்தில் நடைபெறுகிறது. பிரித்தானியாவில் தடத்தின் மேற்பரப்பு, ஷேல் எனப்படும் நொறுங்கிய பாறைத் துகள்களால் ஆனது. ஒவ்வோர் ஓட்டத்திலும் நான்கு வீரர்கள் இடஞ்சுழியாக நான்கு சுற்றுகள் ஓட்டுகின்றனர். 500 கன செ.மீ. இயந்திரம் கொண்ட வண்டிகளுக்குத் தடுப்புக் கருவி (பிரேக்) கிடையாது. ஒரே ஒரு பல்லிணை (கியர்) மட்டுமே உண்டு. எரிபொருள் மெத்தனால் ஆகும். வளைவுகளில் வீரர்கள் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடக்காலைத் தரையில் ஊன்றி வண்டியைத் திருப்புகின்றனர்.

ஓட்டத்தில் முதலிடத்திற்கு 3, இரண்டாமிடத்திற்கு 2, மூன்றாமிடத்திற்கு 1 என்று புள்ளிகள் வழங்கப்படுகின்றன. கடைசியில் வருபவருக்குப் புள்ளி இல்லை. ஓர் அணிக்கு வழக்கமாக ஏழு வீரர்கள். லீக் போட்டி ஒன்றில் பொதுவாக 15 ஓட்டங்கள் இடம்பெறும். ஆகவே இரு அணிகளுக்கும் சேர்த்து 90 புள்ளிகள் பங்கிடப்படுகின்றன. பார்வையாளர்கள் நிகழ்ச்சி ஏட்டை வாங்கி, அதில் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவையும் தம் கையால் எழுதிக்கொள்வது இவ்விளையாட்டின் நெடுநாள் வழக்கம். 1952 முதல் வெளிவரும் "ஸ்பீட்வே ஸ்டார்" என்னும் வார இதழ் இவ்விளையாட்டுக்கே உரியதாகும்.

வரலாற்றுப் பின்னணி

1923 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ட் மெயிட்லாண்டில் நடைபெற்ற பந்தயங்கள் இவ்விளையாட்டின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. பிரித்தானியாவில் 1928 பெப்ரவரி 19 அன்று, இலண்டனுக்கு அருகே எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச்சில் நடைபெற்ற போட்டி, அந்நாட்டு ஸ்பீட்வேயின் தொடக்கமாகப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மறு ஆண்டே லீக் போட்டிகள் தொடங்கின. 1936 ஆம் ஆண்டில் வெம்பிளி அரங்கில் முதலாவது உலக வாகையர் இறுதிப்போட்டி நடைபெற்றது. ஆஸ்திரேலியரான லயனல் வான் பிராக் வென்றார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள் இவ்விளையாட்டின் பொற்காலம் எனப்படுகின்றன. வெம்பிளி லயன்ஸ் அணியின் லீக் போட்டிகளுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். 1950களில் தொலைக்காட்சியின் பரவலும் கேளிக்கை வரியும் கழகங்களைப் பாதித்தன. விளையாட்டுகளுக்கான கேளிக்கை வரி 1957 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபோது பல தடங்கள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. வெம்பிளி அணியும் அவ்வாண்டில் பங்கேற்கவில்லை.

1960 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மாகாண லீக் சிறு நகரங்களில் விளையாட்டுக்குப் புத்துயிர் அளித்தது. 1964 ஆம் ஆண்டில் அந்த லீக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் முரண்பட்டு, அதன் அங்கீகாரம் இன்றியே பருவம் முழுவதும் போட்டிகளை நடத்தியது. பிணக்கைத் தீர்க்க ஷாக்ராஸ் பிரபு தலைமையில் விசாரணை நடைபெற்றது. அதன் விளைவாக 1965 ஆம் ஆண்டில் இரு லீக்குகளும் இணைந்து 18 அணிகள் கொண்ட பிரித்தானிய லீக் உருவானது. கழக உரிமையாளர்களின் அமைப்பான பிரித்தானிய ஸ்பீட்வே நடத்துநர் சங்கமும் அதே ஆண்டில் தோன்றியது.

1965 முதல் 1990களின் தொடக்கம் வரை உலகின் முன்னணி வீரர்களுள் பெரும்பாலோர் பிரித்தானிய லீக்கில் ஓட்டினர். ஆறு முறை உலகப் பட்டம் வென்ற நியூசிலாந்தின் ஐவன் மோகர் பெல் வியூ, எக்சிட்டர், ஹல் ஆகிய அணிகளில் இருந்தார். டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சன் ஆக்ஸ்போர்டிலும் எரிக் குண்டர்சன் கிரேட்லி ஹீத்திலும் ஓட்டினர். உள்ளூர்த் தடத்தில் வாரந்தோறும் உலக வாகையரைக் காணலாம் என்ற நிலை அன்று இருந்தது. இன்றைய மூத்த பார்வையாளர்கள் தற்காலப் பந்தயங்களை இக்காலத்தோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர்.

பின்னர் லீக்கின் பெயரும் வடிவமும் பலமுறை மாறின. 1995 இல் இரு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. 1997 இல் எலைட் லீக் என்ற பெயரில் 10 அணிகளுடன் மேல்நிலைப் பிரிவு மீண்டும் தனியாக்கப்பட்டது. 2017 இல் அது பிரிமியர்ஷிப் எனவும், இரண்டாம் நிலை சாம்பியன்ஷிப் எனவும் பெயர் மாற்றப்பட்டன. 2024 ஆம் ஆண்டுப் பருவத்தில் பிரிமியர்ஷிப்பில் ஏழு அணிகளே இருந்தன.

பந்தயத் தரம் குறித்த குறைகள்

தொடக்கமும் தடமும்

ஓட்டம் தொடங்கும்போது வீரர்களின் முன் கட்டப்பட்டுள்ள நாடாக்கள் மேலெழும்புகின்றன. முதல் வளைவில் முந்துபவரே நான்கு சுற்றுகளிலும் முன்னிலை வகித்து வென்றுவிடுகிறார் என்பது பார்வையாளர்கள் மிகுதியாகக் கூறும் குறையாகும். ஒருவரையொருவர் முந்திச் செல்வதைக் காணவே அவர்கள் வருகின்றனர். அது நிகழாத ஓட்டம் அவர்களுக்கு ஓர் அணிவகுப்பு போன்றதே.

இதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. 1990களின் நடுப்பகுதியில், நிமிர்ந்த நிலை இயந்திரங்களுக்கு மாறாகக் கிடைநிலையில் சாய்த்துப் பொருத்தப்படும் இயந்திரங்கள் பரவின. இவற்றின் வேகம் கூடியது. ஆயினும் பல பிரித்தானியத் தடங்கள் குறுகியவை, கூர்மையான வளைவுகள் உடையவை. தடத்தில் போதிய அளவு தளர்ந்த ஷேல் இருந்தால் வெளிப்பாதையில் செல்பவருக்கும் சக்கரப் பிடிப்புக் கிடைக்கும்; முந்துவதற்கு இரண்டு மூன்று பாதைகள் உருவாகும். தடம் இறுகி வழுவழுப்பாகிவிட்டால் உட்பாதை ஒன்றே பயன்படும். நாய்ப் பந்தயத்துக்கும் பழைய கார்ப் பந்தயத்துக்கும் பயன்படும் அரங்குகளில் தடத்தின் வடிவத்தையும் மேற்பரப்பையும் கழகம் தன் விருப்பப்படி அமைக்க இயலுவதில்லை.

முன்னணி வீரர்களின் விலகல்

1995 ஆம் ஆண்டில் உலக வாகையர் பட்டம் ஒரே இரவில் முடிவாகும் முறை கைவிடப்பட்டு, பல நாடுகளில் நடைபெறும் கிராண்ட் பிரீ தொடராக மாற்றப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் போலந்தில் எக்ஸ்ட்ராலிகா என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. பெரும் பார்வையாளர் கூட்டம், விளம்பர ஆதரவு, நகராட்சிகளின் துணை ஆகியவற்றால் அங்கு வீரர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் பிரித்தானியக் கழகங்களால் ஈடுசெய்ய முடியாததாயிற்று. பிரித்தானியரான டாய் வொஃபிண்டன் 2018 இல் மூன்றாம் முறையாக உலகப் பட்டம் வென்றபோது அவர் பிரித்தானிய லீக்கில் ஓட்டவில்லை. அதாவது, தம் நாட்டு உலக வாகையரை உள்ளூர் லீக்கில் காணும் வாய்ப்புப் பார்வையாளர்களுக்கு இல்லாது போயிற்று.

விருந்தினர் வீரர்கள்

ஓர் அணியின் முக்கிய வீரர் காயமுற்றாலோ வேறு காரணத்தால் வர இயலாவிட்டாலோ, வேறொரு கழகத்தின் வீரரை அந்த ஒரு போட்டிக்கு மட்டும் அழைத்துக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. இவர் விருந்தினர் வீரர் எனப்படுவார். மேலும் ஒரே வீரர் மேல்நிலை லீக்கில் ஒரு கழகத்துக்கும் இரண்டாம் நிலை லீக்கில் மற்றொரு கழகத்துக்கும் ஓட்டுவது பரவலான வழக்கமாகும். வீரர் பற்றாக்குறையைச் சமாளிக்கவே இவ்வேற்பாடுகள் உருவாயின. ஆயினும் சென்ற வாரம் எதிரணியில் இருந்தவர் இவ்வாரம் சொந்த அணியின் மேலாடையுடன் வருவது அணிப்பற்றைக் குலைக்கிறது என்பது பார்வையாளர்களின் கருத்து. இரு லீக்குகளிலும் அதே வீரர்களே தோன்றுவதால் இரண்டுக்குமுள்ள வேறுபாடு மங்குகிறது என்றும் கூறப்படுகிறது.

கட்டணமும் செலவும்

ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடமே நீடிக்கும். எனவே 15 ஓட்டங்கள் கொண்ட போட்டியில் உண்மையான பந்தய நேரம் ஏறக்குறைய 15 நிமிடங்கள் மட்டுமே. தடத்தைச் சமன் செய்தல், நீர் தெளித்தல், விபத்துக்குப் பின் மீண்டும் தொடங்குதல், இடைவேளை ஆகியவற்றால் மாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. 2020களில் வயது வந்தோருக்கான நுழைவுக் கட்டணம் பல தடங்களில் 20 பவுண்டு அளவில் இருந்தது. குடும்பமாக வருவோருக்கு நிகழ்ச்சி ஏடு, வாகன நிறுத்தம், உணவு, பயணம் ஆகிய செலவுகளும் சேர்கின்றன.

கட்டணத்தின் அளவைவிட, அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதே வாதத்தின் மையமாகும். அரங்குகள் பழையவை, கழிப்பறை, இருக்கை வசதிகள் பல இடங்களில் போதுமானவையல்ல. மழையால் தடம் ஈரமானால் போட்டி நிறுத்தப்படும். சில ஓட்டங்கள் முடிந்தபின் நிறுத்தப்படும்போது கட்டணத்தைத் திருப்பிப் பெறுவதில் வரம்புகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் எதிரணிப் பார்வையாளர்களுக்கு இது பேரிழப்பாகும்.

வீரர்களின் செலவும் இதனோடு தொடர்புடையது. ஸ்பீட்வே வீரர் கழகத்தின் ஊழியர் அல்லர், சுயதொழில் செய்பவர். வண்டி, இயந்திரம், வாகனம், தொழில்நுட்ப உதவியாளர் ஆகிய செலவுகளை அவரே ஏற்கிறார். பெரும்பாலும் பெற்ற புள்ளிகளின் அடிப்படையில் அவருக்கு ஊதியம் வழங்கப்படுகிறது. அதிவேக இயந்திரங்களை அடிக்கடி பிரித்துச் சீரமைக்க வேண்டியிருப்பதால் வீரர் கேட்கும் தொகை உயர்கிறது. அது கழகத்தின் வழியாக நுழைவுச் சீட்டின் விலையை வந்தடைகிறது.

நிருவாகம் குறித்த குறைகள்

விதிகளை வகுப்பவர்கள்

பிரித்தானிய மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் ஆளுகை அமைப்பான ஆட்டோ சைக்கிள் யூனியனின் கீழ் ஸ்பீட்வே கட்டுப்பாட்டு அமைப்பு இயங்குகிறது. ஆனால் லீக்கின் வடிவம், அணி அமைப்பு விதி, போட்டி அட்டவணை ஆகியவற்றைக் கழக உரிமையாளர்களே தம் ஆண்டுக் கூட்டத்தில் முடிவு செய்துவந்துள்ளனர். ஒவ்வொருவரும் தம் கழகத்தின் நலனை நோக்கியே வாக்களிப்பர், விளையாட்டின் பொது நலனைப் பேச எவரும் இல்லை என்பது பார்வையாளர்களின் முதன்மையான குற்றச்சாட்டாகும்.

அணி அமைப்பு விதி இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. ஒரு வீரர் பெற்ற புள்ளிகளை அவர் ஓட்டிய ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து 4 ஆல் பெருக்கினால் அவருடைய சராசரி கிடைக்கும். சக அணி வீரருக்கு அடுத்து வருவதால் கிடைக்கும் ஊக்கப் புள்ளிகளும் இக்கணக்கில் சேரும். ஐந்து ஓட்டங்களில் 10 புள்ளிகள் பெற்றவரின் சராசரி 8 ஆகும். பருவத் தொடக்கத்தில் ஏழு வீரர்களின் சராசரிகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. செல்வமிக்க கழகங்கள் சிறந்த வீரர்கள் அனைவரையும் குவித்துக்கொள்ளாமல் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் இளம் வீரர்களைப் பயிற்றுவித்து முன்னேறிய அணி, அவர்களுடைய சராசரி உயர்ந்த காரணத்தாலேயே மறு ஆண்டில் கலைக்கப்பட வேண்டியதாகிறது. வரம்பும் அடிக்கடி மாற்றப்படுகிறது.

2010 ஆம் ஆண்டின் இறுதியில் இத்தகைய விதிகள் தொடர்பான பிணக்கில் கவன்ட்ரி, பீட்டர்பரோ கழகங்கள் நடத்துநர்களின் கூட்டத்திலிருந்து வெளியேறின. 2011 ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கும் முன்னரே இணக்கம் ஏற்பட்டது. எனினும் தம் அணி அவ்வாண்டில் பங்கேற்குமா என்பதை அறியாமலே அவற்றின் பார்வையாளர்கள் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது.

அடிக்கடி மாறும் விதிகள்

தோல்வியை நோக்கிச் செல்லும் அணியின் வீரர் ஓர் ஓட்டத்தில் இரட்டைப் புள்ளி பெறும் விதி 2000களில் நடைமுறையில் இருந்தது. அவர் கறுப்பு வெள்ளைத் தலைக்கவசம் அணிந்து ஓட்டுவார். போட்டியில் விறுவிறுப்பைக் கூட்டும் என்று கொண்டுவரப்பட்ட இவ்விதியை, நேர்மையாகப் பெற்ற முன்னிலையைச் செயற்கையாக அழிப்பது என்று பலர் எதிர்த்தனர்; பின்னர் அது கைவிடப்பட்டது. 2014 இல் ஒவ்வோர் எலைட் லீக் அணியும் இரு பிரித்தானிய இளம் வீரர்களைச் சேர்க்கவேண்டும் என்ற ஏற்பாடு அறிமுகமானது. இதன் நோக்கத்தை வரவேற்றோரும், அனுபவமற்றோர் மேல்நிலை லீக்கில் ஓட்டுவது தரத்தைக் குறைக்கும் என்று கூறினர்.

போட்டி நடைபெறும் கிழமையும் ஒரு குறையாகும். முன்னர் ஒவ்வொரு கழகத்துக்கும் மரபான ஓர் இரவு இருந்தது. போலந்து லீக் வெள்ளி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் சுவீடன் லீக் செவ்வாய்க்கிழமைகளிலும் நடைபெறுவதால், அங்கும் ஓட்டும் வீரர்களைப் பெற விரும்பும் பிரித்தானிய மேல்நிலைக் கழகங்கள் எஞ்சிய வார நாட்களுக்குத் தள்ளப்பட்டன. மறுநாள் பள்ளி செல்லவேண்டிய சிறுவர்களை அழைத்துவரும் குடும்பங்களுக்கு இது இடையூறானது.

ஏற்றமும் இறக்கமும்

இரண்டாம் நிலையில் வெல்லும் கழகம் முறையாக மேல்நிலைக்கு ஏறும் வழக்கம் உறுதியாக நிலைபெறவில்லை. எந்த லீக்கில் ஓட்டுவது என்பதைக் கழகத்தின் பணவசதியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2018 இல் பிரிமியர்ஷிப் பட்டம் வென்ற பூல் பைரட்ஸ் கழகம், 2020 ஆம் ஆண்டுப் பருவத்துக்குத் தானே விரும்பி இரண்டாம் நிலைக்கு இறங்க முடிவு செய்தது.

தடங்களின் இழப்பு

பார்வையாளர்களின் அதிருப்தி துயரமாக மாறும் இடம் இதுவேயாகும். பல அரங்குகளின் நிலம் நாய்ப் பந்தய நிறுவனங்களுக்கோ நில மேம்பாட்டு நிறுவனங்களுக்கோ உரியது. குத்தகை முடிந்தால் கழகத்துக்கு வேறிடம் இல்லை. தடத்தில் பெறும் வெற்றியும் அதனைக் காப்பதில்லை. முதலாவது எலைட் லீக் பட்டத்தை 1997 இல் வென்ற பிராட்போர்டு டியூக்ஸ் அப்பருவத்துடன் மறைந்தது. 2018 இல் சாம்பியன்ஷிப் பட்டம் வென்ற வொர்க்கிங்டன் காமெட்ஸ் மறு ஆண்டில் ஓட்டவில்லை.

மூடப்பட்ட அல்லது ஸ்பீட்வே நின்றுபோன சில இடங்கள்:

- ஹைட் ரோடு, மான்செஸ்டர் (1987): பெல் வியூ அணியின் பழைய தடம், அணி பின்னர் வேறிடத்துக்கு மாறியது.
- டட்லி வுட், கிரேட்லி ஹீத் (1995): வீடுகள் கட்டுவதற்காக மூடப்பட்டது.
- விம்பிள்டன் (2005): இதன்பின் இலண்டனில் ஸ்பீட்வே தடம் எதுவும் இல்லை.
- கவுண்டி கிரவுண்ட், எக்சிட்டர் (2005).
- ஸ்மால்மீட், ரெடிங் (2008).
- பிராண்டன், கவன்ட்ரி (2016): 1928 முதல் பந்தயம் நடைபெற்ற இடம்.
- ரை ஹவுஸ் (2018): அணி பருவத்தின் நடுவில் பிரிமியர்ஷிப்பிலிருந்து விலகியது.
- ஆபி அரங்கு, சுவிண்டன் (2019): அவ்வாண்டின் வாகையர் அணி. பெருந்தொற்றால் 2020 லீக் போட்டிகள் கைவிடப்பட்டன. அதன்பின் அங்கு பந்தயம் மீளவில்லை.
- பீட்டர்பரோ (2023): 2021 ஆம் ஆண்டின் வாகையர் அணி.
- மன்மோர் கிரீன், வுல்வர்ஹாம்ப்டன் (2023): நாய்ப் பந்தய நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கவன்ட்ரி பார்வையாளர்கள் தம் அரங்கை மீட்க இயக்கம் ஒன்றை அமைத்தனர். பிராண்டன் நிலத்தில் வீடுகள் கட்டும் திட்டத்தை ரக்பி நகராட்சி 2022 இல் நிராகரித்தது. நில உரிமையாளரின் மேல்முறையீடும் 2023 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும் அத்தீர்ப்பினால் மட்டும் பந்தயம் மீண்டும் தொடங்கிவிடவில்லை. வீடு கட்டுவதைத் தடுக்கப் பார்வையாளரால் இயலும். நிலத்தைப் பந்தயத்துக்குத் திறந்துவிடுமாறு உரிமையாளரை வற்புறுத்த இயலாது.

நடத்துநர்களின் தரப்பு

கழக நடத்துநர்கள் இக்குறைகளுக்கு மறுமொழி கூறிவந்துள்ளனர். மருத்துவரும் அவசர ஊர்திகளும் இன்றி ஓர் ஓட்டமும் நடத்த இயலாது. காப்புறுதி, அரங்க வாடகை, காற்று நிரப்பிய பாதுகாப்பு வேலி, வீரர்களின் பயணம் ஆகிய செலவுகள் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தாலும் குறைவதில்லை. 1999 முதல் பல ஆண்டுகள் ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சி எலைட் லீக்கை ஒளிபரப்பியது. அந்த ஒப்பந்தம் முடிவுற்றபோது வருவாயும் விளம்பரமும் குறைந்தன. பல உரிமையாளர்கள் இலாபம் கருதாது தம் சொந்தப் பணத்தை இழந்தே கழகங்களை நடத்துகின்றனர் என்பதைப் பார்வையாளர்களும் மறுப்பதில்லை. விருந்தினர் வீரர், இரு கழக முறை ஆகியவை இல்லையெனில் பல போட்டிகளை நடத்தவே இயலாது என்பதும் நடத்துநர்களின் வாதமாகும்.

மாறான போக்குகள்

2016 இல் மான்செஸ்டரில் நகராட்சியின் முயற்சியால் தேசிய ஸ்பீட்வே அரங்கு திறக்கப்பட்டது. அதன் தொடக்கப் போட்டி, தடம் பந்தயத்துக்கு ஏற்றதாக இல்லாமையால் அன்றிரவே கைவிடப்பட்டது. பெல் வியூவை நடத்திய நிறுவனமும் அவ்வாண்டு முடிவதற்குள் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. ஆனால் அரங்கு பொதுவுடைமையாக இருந்தமையால் விளையாட்டு அங்கு நின்றுவிடவில்லை. புதிய நடத்துநர்களின் கீழ் பெல் வியூ 2022, 2024 ஆம் ஆண்டுகளில் பிரிமியர்ஷிப் பட்டம் வென்றது. மறுசீரமைக்கப்பட்ட அதன் தடம் முந்துவதற்கு வாய்ப்புமிக்கதென்று பார்வையாளர்களால் பாராட்டப்படுகிறது. போலந்தின் டொருன் நகரில் 2009 இல் திறக்கப்பட்ட மோட்டோஅரீனாவும் ஸ்பீட்வேக்கென்றே கட்டப்பட்டதாகும்.

ஆக்ஸ்போர்டில் நீண்ட இடைவெளிக்குப் பின் 2022 இல் பந்தயம் மீண்டும் தொடங்கியது. நாடுகளுக்கிடையிலான ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் பட்டத்தைப் பெரிய பிரித்தானிய அணி 2021, 2024 ஆம் ஆண்டுகளில் மான்செஸ்டரிலேயே வென்றது. மறுபுறம், 2001 முதல் கார்டிஃப் நகரின் பேரரங்கில் நடைபெற்றுவந்த பிரித்தானிய கிராண்ட் பிரீ, 2025 இல் அளவில் மிகச் சிறியதான மான்செஸ்டர் அரங்குக்கு மாற்றப்பட்டது. உள்நாட்டு லீக் சுருங்கிவரும் அதே காலத்தில் நாட்டு அணி உலக அளவில் வெற்றி பெற்றிருப்பது, இவ்விளையாட்டுக்கு வீரர்களின் திறமை குறையவில்லை என்பதைக் காட்டுகிறது. அவர்கள் ஓட்டுவதற்கு உறுதியான தடங்களே குறைந்துவருகின்றன.